ஸ்கூபா டைவிங்குக்குச் சின்னக் கத்தி: எதைப் பார்த்து வாங்குவது

கடலுக்குள் கத்திக்கு ஒரே ஒரு வேலைதான்: உடம்பிலோ சிலிண்டரிலோ சிக்கிய தூண்டில் நரம்பையும் வலையையும் கயிற்றையும் அறுத்து ஆளை விடுவிப்பது. மீனை விரட்டவோ சிப்பியைப் பெயர்க்கவோ அல்ல. மன்னார் வளைகுடா ஆனாலும் வேறு கடல் ஆனாலும், மீன்பிடி நடக்கிற இடத்தில் அறுந்த வலைகளும் தூண்டில் நரம்புகளும் பாறையில் மாட்டிக் கிடக்கும். தங்கூசி நரம்பு தண்ணீருக்குள் கண்ணில் படாது. ஃபின் (காலில் மாட்டும் துடுப்பு) பட்டையிலோ சிலிண்டர் வால்விலோ மாட்டி இழுக்கும்போதுதான் தெரியவரும். அந்த நேரத்துக்கு உதவுகிறதா என்று பார்த்துத்தான் கத்தியை வாங்க வேண்டும்.

அதற்குப் பெரிய கத்தி வேண்டாம். அலகு 7 முதல் 9 செ.மீ. இருந்தால் தாராளம். முனை மழுங்கலாகவோ உளி மாதிரி சப்பையாகவோ இருக்கட்டும். நரம்புக்கும் உடம்புக்கும் நடுவே, பார்க்க முடியாத இடத்தில், கத்தியை நுழைக்க வேண்டிவரும். ஊசி முனையாக இருந்தால் பிசிடியையோ (காற்று நிரப்பி மிதப்பைச் சரிசெய்யும் மேலங்கி) வெட்சூட்டையோ (உடம்பை ஒட்டிய ரப்பர் உடை) சொந்தக் கையையோ குத்திவிடும். மடக்குக் கத்தியை முதல் கத்தியாக வைத்துக்கொள்ள வேண்டாம். கீலில் மணலும் உப்பும் ஏறினால் ஒரு கையால் விரிக்க முடியாது.

வெட்டும் விளிம்பில்தான் பலரும் தவறான முடிவு எடுக்கிறார்கள். ரம்பப் பல் பார்க்க வலுவாகத் தெரியும், தடித்த கயிற்றை நன்றாகவே அறுக்கும். ஆனால் மெல்லிய நரம்பு பற்களின் இடுக்கில் வழுக்கி ஓடும். நரம்புக்கு ஏற்றது பல் இல்லாத, நல்ல கூர் உள்ள சம விளிம்புதான். ஆகவே ஒரு பக்கம் பல், மறுபக்கம் சம விளிம்பு என்று இரண்டும் உள்ள கத்தியாகப் பாருங்கள். கூடவே அலகின் அடிப்பகுதியில் கொக்கி மாதிரி ஒரு சின்ன வெட்டுப்பள்ளம் இருந்தால் இன்னும் நல்லது. தொய்ந்த நரம்பைக் கத்தியால் அறுப்பது கடினம். அது கத்தியோடு சேர்ந்து நகர்ந்துகொண்டே இருக்கும். பள்ளத்தில் மாட்டி இழுத்தால் நரம்பு தானே விறைத்து அறுந்துவிடும், இன்னொரு கை தேவைப்படாது.

தூண்டில் முள்ளை ஒட்டிக் கட்டும் இரும்புக் கம்பியை (லீடர்) எந்தக் கத்தியும் அறுக்காது. தூண்டில் போடும் இடங்களில் முக்குளிப்பவர்கள், ஆம்புலன்ஸில் துணி வெட்டப் பயன்படும் மழுங்கல் முனைக் கத்தரிக்கோலையும் கொண்டுபோக வேண்டும். மெல்லிய கம்பியை அது நறுக்கிவிடும்.

அடுத்தது உலோகம். 304 ரக ஸ்டீல், வீட்டு எவர்சில்வர் பாத்திரம் செய்யும் வகை, எளிதில் துருப்பிடிக்காது. ஆனால் மென்மையானது, கூர் சீக்கிரம் போய்விடும். 440சி போன்ற கார்பன் கூடிய ஸ்டீலில் கூர் நிற்கும், ஆனால் உப்பு நீரில் கவனிக்காமல் விட்டால் புள்ளி புள்ளியாக அரிக்கும். டைட்டானியம் கடல்நீரில் துருவே பிடிக்காது, எடையும் குறைவு. விலை அதிகம், கூர் நல்ல ஸ்டீல் அளவுக்கு நிற்காது. டைவ் முடிந்ததும் கழுவித் துடைக்கிறவர் 440சி வாங்கலாம். சோம்பல் உள்ளவருக்கு டைட்டானியமே சரி. எதுவானாலும் அலகின் உலோகம் கைப்பிடியின் கடைசிவரை ஓட வேண்டும். பிடியைக் கழற்றிக் கழுவவும் முடிய வேண்டும். துரு பெரும்பாலும் தொடங்குவது பிடிக்குள் தேங்கிய உப்பில்தான்.

கத்தி எவ்வளவு முக்கியமோ அவ்வளவு முக்கியம் உறை. கடையிலேயே தலைகீழாகப் பிடித்துப் பலமாக உதறிப் பாருங்கள். கத்தி நழுவினால் வைத்துவிட்டு வாருங்கள். பிறகு கண்ணை மூடி, ஒரே கையால், கையுறை போடுபவரானால் அதையும் போட்டுக்கொண்டு, உருவித் திரும்பச் சொருகிப் பாருங்கள். வலது கை, இடது கை இரண்டாலும் செய்ய வரவேண்டும்.

மாட்டும் இடம் நெஞ்சு அல்லது இடுப்புப் பகுதி: பிசிடியின் தோள்பட்டை வார், இடுப்பு வார், அல்லது காற்று நிரப்பும் ஹோஸ். கெண்டைக்காலில் கட்டும் பழைய வழக்கத்தை விட்டுவிடலாம். கால்தான் பெரும்பாலும் முதலில் சிக்கும், அப்போது குனிந்து எடுக்க முடியாது. 10 மீட்டரிலேயே அழுத்தம் மேற்பரப்பைப்போல் இரண்டு மடங்காகி வெட்சூட் நசுங்குவதால் காலில் கட்டிய பட்டையும் தளரும். இரண்டாவதாக ஒரு சின்ன லைன் கட்டரை (நரம்பு அறுக்கும் சிறு கருவி) உடம்பின் மறுபக்கம் மாட்டுங்கள். ஒரு கை சிக்கினாலும் மறு கைக்கு எட்ட ஒன்று இருக்கும்.

கடலுக்கு எடுத்துப்போகும் முன் வீட்டில் ஒரு சோதனை. வாளித் தண்ணீருக்குள் தூண்டில் நரம்பு, வலைத்துண்டு, 8 மி.மீ. நைலான் கயிறு மூன்றையும் தொய்வாகப் போட்டு ஒரு கையால் அறுத்துப் பாருங்கள். நரம்பு ஒரே இழுப்பில் அறுபடாவிட்டால் சாணைக்கல்லில் தீட்ட வேண்டும். புதுக் கத்தியும் பல சமயம் கூராக வருவதில்லை.

உண்மையிலேயே சிக்கினால் முதலில் அசைவதை நிறுத்துங்கள். திரும்பினால் நரம்பு இன்னும் சுற்றும். மூச்சை நிதானமாக்கித் துணை டைவருக்குச் சைகை காட்டுங்கள். அவரால் பார்த்து அறுக்க முடியும், உங்களால் முதுகைப் பார்க்க முடியாது. நீங்களே அறுப்பதானால் நரம்பை உடம்பிலிருந்து விலக்கி இழுத்து, விளிம்பு மூச்சுக்காற்று வரும் ரெகுலேட்டர் ஹோஸைப் பார்க்காதபடி வெளிப்பக்கமாக அறுங்கள். ஒவ்வொரு இழையாகப் போங்கள். முடித்ததும் கத்தியை உறையில் போட்ட பிறகே நகருங்கள்.

கரையேறியதும் கத்தியை உறையிலிருந்து எடுத்து நல்ல தண்ணீரில் அலசி, இரண்டையும் தனித்தனியாகக் காயவைத்து, அலகில் சிலிக்கான் கிரீஸ் மெல்லிதாகத் தடவுங்கள். ஈர உறைக்குள் விட்டால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலும் அரிக்கும்.

விமானத்தில் கத்தியைக் கைப்பையில் வைக்க விடமாட்டார்கள். சரக்குப் பெட்டியில் போடுங்கள். மெக்சிகோவின் கோசுமெல் கடல் பூங்கா போன்ற சில இடங்களில் பவளப்பாறையைக் காக்கவென்று கத்திக்கே தடை உண்டு. புறப்படும் முன் டைவ் மையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.