கட்டுரைக் குவியலைக் கணினியோடு சேர்ந்து படிப்பது எப்படி? உரை அகழ்வில் முதல் பயிற்சி

ஆய்வுப் படிப்பில் சேர்ந்த எல்லோரும் முதலில் திணறும் இடம் இலக்கிய மீளாய்வுதான். தேடல் பெட்டியில் இரண்டு சொல் போட்டால் எழுநூறு கட்டுரைகள் வந்து நிற்கும். முப்பதை முழுதாகப் படிப்போம். இன்னொரு ஐம்பதின் சுருக்கத்தைப் பார்ப்போம். மிச்சம் கோப்புறையிலேயே கிடக்கும்.

அந்த மிச்சத்தில்தான் சில சமயம் விஷயமே இருக்கிறது. 1986-இல் டான் சுவான்சன் என்ற தகவலியல் ஆய்வாளர் இதைக் காட்டினார். அவர் மருத்துவர் இல்லை, ஆய்வகத்தில் சோதனை எதுவும் செய்யவும் இல்லை. மீன் எண்ணெய் ரத்தத்தின் பிசுபிசுப்பைக் குறைக்கும் என்று ஒரு கட்டுரைக் கூட்டம் சொன்னது. ரேனாட் நோய் (குளிர் பட்டால் விரல்களுக்கு ரத்த ஓட்டம் குறைந்து வெளிறிப்போகும் நோய்) உள்ளவர்களுக்கு ரத்தம் பிசுபிசுப்பாக இருக்கிறது என்று இன்னொரு கூட்டம் சொன்னது. ஒரு பக்கம் எழுதியவர்கள் மறு பக்கத்தை மேற்கோள் காட்டவே இல்லை. இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்து, மீன் எண்ணெய் இந்த நோய்க்கு உதவலாம் என்றார் சுவான்சன். 1988-இல் ஒற்றைத் தலைவலிக்கும் மெக்னீசியத்துக்கும் இடையே யாரும் கவனிக்காத பதினோரு தொடர்புகளை இதே வழியில் எடுத்துக் காட்டினார்.

அன்று அவர் பெரும்பாலும் கையால் செய்ததை இன்று கணினியின் துணையோடு செய்கிறோம். டெக்ஸ்ட் மைனிங், உரை அகழ்வு, எந்தப் பெயரில் சொன்னாலும் வேலை ஒன்றுதான்: ஒருவரால் படித்து முடிக்க முடியாத அளவு உரையில், எது எதோடு சேர்ந்து வருகிறது, எது எப்போது மாறியது என்று கணினியை வைத்துத் தேடுவது. இதற்கு நிரல் எழுதத் தெரிந்திருக்க வேண்டும் என்று பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். அந்தத் தயக்கத்தை உடைக்கத்தான் இந்தப் பதிவு. சுவான்சனின் தலைவலி உதாரணத்தையே எடுத்துக்கொண்டு, ஒரு வரி நிரல்கூட இல்லாமல் செய்து பார்ப்போம்.

படி 1: கேள்வியைச் சின்னதாக்குங்கள்

"ஒற்றைத் தலைவலி ஆய்வுகளில் என்ன நடக்கிறது?" என்பது கேள்வியே இல்லை. "மெக்னீசியமும் ஒற்றைத் தலைவலியும் சேர்ந்து வரும் கட்டுரைச் சுருக்கங்களில், 2000-க்கு முன்னும் பின்னும் எந்தச் சொற்கள் கூடின, எவை குறைந்தன?" என்பது கேள்வி. எண்ணிப் பார்த்து விடை சொல்ல முடியுமா என்று உங்களையே கேளுங்கள். முடியாவிட்டால் இன்னும் சுருக்குங்கள்.

படி 2: அனுமதியைப் பாருங்கள்

பலர் இதைக் கடைசிக்குத் தள்ளுகிறார்கள். முதலிலேயே பார்த்துவிடுங்கள். அச்சிட்ட ஒரு கட்டுரையை நாம் படிக்கும்போது பிரதி எதுவும் உருவாவதில்லை. கணினி "படிக்க" வேண்டுமானால் முதலில் அதைப் பிரதி எடுத்தாக வேண்டும். பதிப்புரிமைச் சட்டம் குறுக்கே வருவது அங்கேதான்.

நாட்டுக்கு நாடு நிலைமை வேறு. பிரிட்டன் 2014-இல் வழி திறந்தது: சட்டப்படி உங்களுக்குப் படிக்கக் கிடைக்கும் எதையும், வணிக நோக்கமில்லாத ஆய்வுக்காகக் கணினிப் பகுப்பாய்வு செய்யப் பிரதி எடுக்கலாம், பதிப்பாளர் ஒப்பந்தத்தில் தடை போட்டாலும் அந்தத் தடை செல்லாது. ஜப்பான் 2018-இல் சட்டத்தைத் திருத்தி இன்னும் தாராளமாக விட்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2019-இன் பதிப்புரிமை நெறியுரையில் ஆய்வு நிறுவனங்களுக்கும் நூலகம், அருங்காட்சியகம் போன்றவற்றுக்கும் தனி விலக்கு கொடுத்தது. சிங்கப்பூர் 2021-இல் புதிய சட்டத்தில் இதைச் சேர்த்தது. வேறு பல நாடுகளில் சட்டம் இதைப் பெயர் சொல்லிப் பேசுவதே இல்லை. படிக்க உரிமை உள்ளவருக்கு அகழவும் உரிமை இருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாகக் கேட்டு வருகிறார்கள். எனக்கும் அதில் முழு உடன்பாடு. காசு கொடுத்து வாங்கிய இதழைக் கண்ணால் படிக்கலாம், கணினியால் எண்ணக் கூடாது என்பதில் எந்த நியாயமும் எனக்குத் தெரியவில்லை.

சரி, நீங்கள் செய்ய வேண்டியது என்ன? உங்கள் நூலகரிடம் போய் ஒரே கேள்வி கேளுங்கள்: "நாம் சந்தா கட்டும் இதழ்களின் ஒப்பந்தத்தில் டெக்ஸ்ட் மைனிங் பற்றி என்ன எழுதியிருக்கிறது?" இதைக் கேட்காமல் பதிப்பாளர் தளத்திலிருந்து நூற்றுக்கணக்கான பிடிஎஃப்களை மளமளவென்று இறக்கினால், அவர்களின் கணினி அதைத் திருட்டாக எடுத்துக்கொண்டு உங்கள் ஐபி முகவரியை முடக்கிவிடும். பல்கலைக்கழகம் முழுவதும் அதே முகவரியில் போகிறது என்றால் எல்லோருக்கும் கதவு அடைபடும். மொத்தமாக எடுக்க வேண்டுமானால் அதற்கென்று இருக்கும் ஏபிஐ (நிரல்கள் தரவைக் கேட்டு வாங்கும் வாசல்) வழியாகப் போங்கள்.

முதல் பயிற்சிக்கு இந்தச் சிக்கல் எதுவும் வேண்டாம். மருத்துவக் கட்டுரைகளின் சுருக்கங்களைத் தேடித் தரும், யாருக்கும் திறந்திருக்கும் பப்மெட் என்ற தளம் போதும். முழுக் கட்டுரை தேவைப்படும்போது பப்மெட் சென்ட்ரலின் திறந்த அணுக்கத் தொகுப்பு, ஆர்க்கைவ், ஐரோப்பா பிஎம்சி ஆகிய இலவசக் களஞ்சியங்களைப் பாருங்கள். தலைப்பு, ஆசிரியர், ஆண்டு போன்ற நூல்விவரம் மட்டும் போதுமென்றால் கிராஸ்ரெஃப், ஓப்பன்அலெக்ஸ் என்ற தரவுத்தளங்கள்.

படி 3: சேகரியுங்கள்

பப்மெட்டில் மேம்பட்ட தேடல் பக்கத்துக்குப் போய், மெக்னீசியம், மைக்ரேன் (ஒற்றைத் தலைவலி) இரண்டையும் ஆங்கிலத்தில் கொடுத்து, இரண்டுக்கும் "தலைப்பு/சுருக்கம்" என்ற புலத்தைத் தேர்ந்தெடுங்கள். முடிவுப் பக்கத்தின் ஓரத்தில் ஆண்டுவாரியாக ஒரு பட்டைப் படம் வரும். 1988-க்கு முன்னும் பின்னும் அதன் உயரத்தைக் கொஞ்ச நேரம் பாருங்கள். உங்கள் முதல் தரவு அதுதான்.

பிறகு ஆண்டு வடிகட்டியை வைத்து மூன்று தடவை சேமியுங்கள்: 1999 வரை ஒன்று, 2000 முதல் 2009 வரை ஒன்று, 2010-க்குப் பிறகு ஒன்று. சேமிக்கும்போது வடிவம் கேட்கும். எக்செலில் திறக்கலாமே என்று சிஎஸ்வியைத் தேர்ந்தெடுத்தால் ஏமாந்துபோவீர்கள். அதில் தலைப்பும் ஆசிரியர் பெயரும் இருக்கும், சுருக்கம் இருக்காது. "சுருக்கம், உரைவடிவம்" என்பதைத் தேர்ந்தெடுங்கள். கோப்பின் பெயரை ஆண்டில் தொடங்குங்கள், வரிசை குலையாது. எந்தத் தேதியில் எந்தச் சொல்லைப் போட்டுத் தேடினீர்கள் என்பதை ஒரு தனிக் கோப்பில் எழுதி வையுங்கள். ஆறு மாதம் கழித்து நெறியாளர் கேட்பார்.

படி 4: பார்த்துச் சுத்தம் செய்யுங்கள்

வொயன்ட் டூல்ஸ் என்ற இலவசத் தளத்தை உலாவியில் திறந்து, மூன்று கோப்பையும் ஏற்றுங்கள். உடனே ஒரு சொல்மேகம் (அதிகம் வரும் சொல் பெரிதாகத் தெரியும் படம்) வரும். அதில் பெரிதாகத் தெரியும் சொற்களில் "டிபார்ட்மென்ட்", "யுனிவர்சிட்டி", "டிஓஐ" (கட்டுரைக்குத் தரப்படும் நிலையான அடையாள எண்) எல்லாம் இருக்கும். பதற வேண்டாம். நீங்கள் இறக்கிய கோப்பில் சுருக்கத்தோடு ஆசிரியர்களின் முகவரியும் சேர்ந்தே வந்திருக்கிறது. விருப்பத்தேர்வில் உள்ள விலக்குச்சொல் பட்டியலை (எண்ணாமல் விட வேண்டிய சொற்கள்) திறந்து இவற்றைச் சேர்த்துவிடுங்கள். "ஸ்டடி", "பேஷன்ட்ஸ்" போல எல்லாக் கட்டுரையிலும் வருபவற்றையும் சேர்க்கலாம். ஆனால் எதை நீக்கினீர்கள் என்று குறித்து வையுங்கள், ஏனென்றால் நீக்கும் ஒவ்வொரு சொல்லும் உங்கள் முடிவை லேசாகத் திருப்பும்.

இப்போது "எம்ஜி" என்ற இரண்டெழுத்து மேலே வந்து நிற்கும். ஆகா, மெக்னீசியம் என்று எண்ணிவிடாதீர்கள். வேதியியலில் பெரிய எம் போட்டு எழுதினால் அது மெக்னீசியம். மருந்தளவில் சின்ன எம் போட்டு எழுதினால் மில்லிகிராம். எண்ணும்போது வொயன்ட் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வேறுபாடு பார்ப்பதில்லை, இரண்டையும் ஒன்றாகப் போட்டுவிடும். "சூழல்கள்" என்ற பகுதியில் அந்தச் சொல்லைக் கொடுங்கள். ஒவ்வொரு இடத்திலும் இடப்பக்கமும் வலப்பக்கமும் சில சொற்களோடு வரிவரியாக வரும். முன்னால் 400, 600 என்று எண் இருந்தால் அது மில்லிகிராம். இந்த வரிகளை ஒரு பத்து நிமிடம் மேலிருந்து கீழாகப் படித்தாலே உரை அகழ்வு என்றால் என்னவென்று கைக்குப் பிடிபட்டுவிடும்.

பிடிஎஃப்பிலிருந்து உரை எடுக்கும்போது தொல்லை இன்னும் கூடும். வரிக்கடைசியில் உடைந்த சொல் இரண்டு சொல்லாகும். எஃப், ஐ இரண்டும் ஒட்டி அச்சான இடத்தில் எழுத்தே காணாமல் போகும். இரண்டு பத்தியாக அச்சான பக்கத்தைக் கணினி குறுக்காகப் படித்துவிடும். "வெஜிடேட்டிவ் எலக்ட்ரான் மைக்ராஸ்கோபி" என்று பொருளே இல்லாத ஒரு தொடர் பல ஆய்வுக் கட்டுரைகளில் நுழைந்திருக்கிறது. 1950-களின் ஒரு கட்டுரையில் இடப்பத்தியின் சொல்லும் வலப்பத்தியின் சொல்லும் இப்படி ஒட்டிக்கொண்டது அதற்கு ஒரு மூலமாகச் சொல்லப்படுகிறது. தமிழ் உரையில் வேலை செய்பவர்களுக்கு ஒரு வார்த்தை: "கொ" என்பதை யூனிகோடில் இரண்டு விதமாகப் பதியலாம். கண்ணுக்கு ஒன்றுதான், கணினிக்கு இரண்டு வெவ்வேறு சொல். எண்ணுவதற்கு முன் ஒரே வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள்.

படி 5: எண்ணுங்கள், ஒப்பிடுங்கள்

"போக்குகள்" பகுதியில் உங்களுக்கு வேண்டிய நான்கைந்து சொற்களைக் கொடுங்கள். மூன்று காலத்துக்கும் கோடு வரும். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: பிந்தைய கோப்பு பெரியது, அதனால் எல்லாச் சொல்லும் அதில் அதிகமாகத்தான் வரும். வெறும் எண்ணிக்கையை ஒப்பிட்டால் எல்லாமே வளர்ந்ததுபோலத் தோன்றும். மொத்தச் சொற்களில் எத்தனை பங்கு என்ற சார்பு அளவை மட்டும் பாருங்கள்.

படி 6: திரும்பிப் போய்ப் படியுங்கள்

என்னைக் கேட்டால் இதுதான் உயிரான படி. "எஃபெக்டிவ்" என்ற சொல் கூடியிருக்கிறது என்று கணினி சொல்லும். அதில் எத்தனை "நாட் எஃபெக்டிவ்" என்று அது சொல்லாது. சூழல் வரிகளிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு ஐம்பதை எடுத்து, நீங்களே படித்து, அந்தச் சொல் நீங்கள் எண்ண நினைத்த பொருளில்தான் வருகிறதா என்று பார்த்து, சரி, தவறு என்று குறியுங்கள். நண்பர் ஒருவரும் உங்கள் விடையைப் பார்க்காமல் அதே ஐம்பதைக் குறிக்கட்டும். ஐம்பதில் நாற்பத்தைந்து சரி என்றால் அதை அப்படியே கட்டுரையில் எழுதலாம். இருபதுதான் சரி என்றால் எண்ணிக்கையைக் கீழே வைத்துவிட்டு நான்காம் படிக்குத் திரும்புங்கள்.

இந்த அளவுக்கு வந்தபின் பைதான் என்ற நிரல்மொழியைக் கற்பது எளிது, ஏனென்றால் எதற்காகக் கற்கிறீர்கள் என்று தெரிந்துவிட்டது. சேமிக்கும்போது "பப்மெட்" என்ற வடிவத்தைத் தேர்ந்தெடுத்தால், பயோபைதான் என்ற நிரலகம் அந்தக் கோப்பிலிருந்து சுருக்கத்தை மட்டும் பிரித்துக் கொடுக்கும். முகவரித் தொல்லை அதோடு போச்சு. பப்மெட்டின் ஏபிஐயைச் சாவி (பதிவு செய்து பெறும் அடையாளக் குறியீடு) இல்லாமல் நொடிக்கு மூன்று தடவைக்கு மேல் தட்டாதீர்கள்.

படி 7: அடுத்தவருக்கு வழி விடுங்கள்

சுருக்கங்களின் உரையைப் பகிர உங்களுக்கு உரிமை இல்லாமல் போகலாம். ஒவ்வொரு கட்டுரைக்கும் பப்மெட் தரும் அடையாள எண்களின் பட்டியலைப் பகிர எந்தத் தடையும் இல்லை. அதோடு தேடல் சொற்கள், விலக்குச்சொல் பட்டியல், நீங்கள் குறித்த ஐம்பது வரிகளின் எண்ணும் முடிவும், எல்லாவற்றையும் ஒரு கோப்புறையில் போட்டு, ஆய்வுத் தரவைச் சேமிக்கும் திறந்த தளமான செனோடோவில் ஏற்றுங்கள். டிஓஐ கிடைக்கும், மற்றவர்கள் மேற்கோள் காட்டலாம். உங்கள் சொந்தக் கட்டுரை வெளிவரும்போது சிசி பை உரிமத்தை (பெயரைக் குறிப்பிட்டு யாரும் பயன்படுத்தலாம் என்பது) தேர்ந்தெடுத்தால், அதை அகழ வருபவர் யாரிடமும் அனுமதி கேட்டு நிற்க வேண்டியதில்லை. நூலகத்தில் சந்தா புதுப்பிக்கும் காலம் எப்போது என்று விசாரித்து வைத்துக்கொண்டு, ஒப்பந்தத்தில் டெக்ஸ்ட் மைனிங் அனுமதியைக் கேட்டு வாங்கும்படி அதற்கு முன்பே எழுதிக் கொடுங்கள். கடிதத்தோடு உங்கள் போக்குக் கோட்டின் படத்தையும் இணையுங்கள்.