கோப்பு நகலெடுக்கும் கட்டளைகள் விட்டுச்செல்லும் எண்

கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையின் கணினிகளைக் கவனித்துவருகிறேன். சிறு விவசாயிகள் கொண்டுவரும் பச்சை இலையின் எடைப் பதிவுகள் ஒவ்வோர் இரவும் குன்னூரில் உள்ள அலுவலகக் கணினிக்கு நகலாக வேண்டும். அதற்காக நான் எழுதிய ஸ்கிரிப்ட் (கட்டளைகளை வரிசையாக எழுதிவைத்த கோப்பு), ஓர் ஐப்பசி மழைக்காலத்தில், காலைதோறும் 'நகல் முடிந்தது' என்று பதிவேட்டில் தவறாமல் எழுதிவந்தது. மாதக் கணக்கு முடிக்கும் நாளில் ஒரு விவசாயி தம் எடைச் சீட்டுகளை மேசையில் பரப்பி வைத்த பிறகே, 12 நாள் பதிவுகள் குன்னூர் போய்ச் சேரவில்லை என்பது தெரிந்தது. அங்கே ஹார்டு டிஸ்க் நிரம்பியிருந்தது. நகலெடுக்க நான் பயன்படுத்திய ஆர்சிங்க் என்ற கட்டளை அதை 11 என்ற எண்ணால் ஒவ்வோர் இரவும் சொல்லியிருந்தது. நான் எழுதிய வரிதான் அந்த எண்ணை விழுங்கிவிட்டது.

லினக்ஸில் எந்தக் கட்டளையும் முடியும்போது 0 முதல் 255 வரையிலான ஓர் எண்ணை விட்டுச்செல்கிறது. எக்ஸிட் கோட் என்று நாம் சொல்வது இதைத்தான். 0 என்றால் குறையில்லை, வேறு எதுவானாலும் ஏதோ ஒரு குறை என்பது பொது வழக்கம். கட்டளைகளை வாங்கி இயக்கும் பேஷ் ஷெல்லில் $? என்று கேட்டால் கடைசியாக ஓடிய கட்டளையின் எண் கிடைக்கும். 'கடைசியாக' என்ற சொல்லில்தான் சிக்கலே இருக்கிறது: நகலெடுத்த பின், செய்தியைத் திரையில் காட்டும் எக்கோ வரி ஒன்றை எழுதிவிட்டு $? பார்த்தால், அது எக்கோவின் வெற்றியைத்தான் சொல்லும். ஆகவே நகல் கட்டளைக்கு அடுத்த வரியிலேயே அந்த மதிப்பை ஒரு மாறியில் எடுத்து வைத்துக்கொண்டு, செய்தி எழுதுவதையெல்லாம் பிறகு வைத்துக்கொள்ள வேண்டும்.

என் தவறு இன்னொரு வகை. ஆர்சிங்க் தரும் செய்திகளைத் திரையிலும் பதிவேட்டிலும் ஒருசேரக் காண, அதை | குறியால் டீ என்னும் கட்டளையோடு இணைத்திருந்தேன். அப்படி இணைத்தால் வரி முழுவதற்கும் கடைசிக் கட்டளையின் எண்ணே நிற்கும். ஆர்சிங்க் 11 என்று சொன்னாலும், செய்தியை எழுதி முடித்த டீ 0 என்று சொல்லிவிடும். தேயிலை விளையும் ஊரில் டீயே காலை வாரிவிட்டது என்று நண்பர்கள் இன்றும் கேலி செய்கிறார்கள். ஸ்கிரிப்டின் தொடக்கத்தில் பைப்ஃபெயில் அமைப்பை இயக்கிவிட்டால், இணைப்பில் எது தோற்றாலும் வரி முழுவதும் தோற்றதாகக் கணக்காகும். எது தோற்றது என்று தனித்தனியே அறிய வேண்டுமானால் பேஷ் வைத்திருக்கும் பைப்ஸ்டேட்டஸ் என்ற எண் வரிசையைப் பார்க்கலாம்.

அடுத்தது, எந்த எண்ணுக்கு என்ன செய்வது என்பது. லினக்ஸின் எளிய நகல் கட்டளையான சிபி இதில் சிக்கனமானது. நூறு கோப்புகளில் ஒன்று நகலாகாவிட்டாலும் 1 என்று மட்டும் சொல்லும், எந்தக் கோப்பு என்பதைப் பிழைச் செய்தியில்தான் தேட வேண்டும். ஏற்கெனவே உள்ள கோப்பை மேலெழுதாமல் விடும் தெரிவு விஷயத்தில் கூடுதல் கவனம் தேவை: சிபி உள்ளிட்ட அடிப்படைக் கட்டளைகளின் தொகுப்பான ஜிஎன்யு கோர்யுட்டில்ஸின், 2023-இல் வந்த 9.2 பதிப்பில் அவ்வாறு தவிர்ப்பதும் தோல்வியாக எண்ணப்பட்டது. ஒரே வரி இரண்டு கணினிகளில் வெவ்வேறு எண் தரக்கூடும்.

ஆர்சிங்க் விரிவாகப் பேசும். 23 என்றால் சில கோப்புகள் பிழையால் நகலாகவில்லை. 24 என்றால் பட்டியல் எடுத்தபோது இருந்த கோப்பு, நகலெடுக்கப் போனபோது இல்லை. எடைப் பதிவு மென்பொருள் தற்காலிகக் கோப்புகளை உருவாக்கி அழித்துக்கொண்டே இருப்பதால், 24-ஐ எச்சரிக்கையாகப் பதிந்துவிட்டு நான் வெற்றியாகவே கொள்கிறேன். 23-க்கு அந்தச் சலுகை தருவதில்லை. மழையில் மரம் விழுந்து இணைப்பு அறுந்தால், தொடங்கும்போதே என்றால் தொலைக் கணினியோடு இணைக்கும் எஸ்எஸ்எச் தரும் 255, நடுவழியில் என்றால் பெரும்பாலும் 12 வரும். இவை இரண்டுக்கும், காத்திருந்து நேரம் கடந்ததைக் குறிக்கும் 30-க்கும், பத்து நிமிடம் விட்டு மறுபடி முயல்வது பயன் தரும். ஆனால் நேர வரம்பை நாமே கொடுத்திருந்தால்தான் 30 வரும்; கொடுக்காவிட்டால் ஆர்சிங்க் விடியும் வரைகூடக் காத்திருக்கும். 11-க்கும், கட்டளையைத் தப்பாக எழுதியதைக் குறிக்கும் 1-க்கும் மறுமுயற்சி வீண். உடனே ஒரு மனிதருக்குச் செய்தி போக வேண்டும். கையால் ஓட்டும்போது சரியாக இயங்கிய ஸ்கிரிப்ட், குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்டும் கிரானில் 127 தந்தால், கட்டளையே அகப்படவில்லை என்று பொருள். முழுப் பாதையையும் எழுதினால் தீரும்.

விண்டோஸின் நகல் கட்டளையான ரோபோகாப்பிக்கு இந்த வழக்கமே பொருந்தாது. அங்கே 0 என்றால் நகலெடுக்க ஒன்றுமே இருக்கவில்லை. 1 என்றால் கோப்புகள் நகலாயின. 2 என்றால் சேருமிடத்தில் மிகுதிக் கோப்புகள் உள்ளன. 4 என்றால் பொருந்தாதவை உள்ளன. 8 என்றால் சில நகலாகவில்லை. 16 என்றால் பெரும் பிழை. இவை கூட்டப்பட்டு வருவதால், 3 என்பது 1-உம் 2-உம் சேர்ந்த நல்ல செய்திதான். 8-உம் அதற்கு மேலும்தான் தோல்வி. விண்டோஸில் குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் டாஸ்க் ஷெட்யூலரில் 1 என்று கண்டு பதறி, ஓடிக்கொண்டிருக்கும் வேலையை நிறுத்திவிடுபவர்கள் உண்டு. விண்டோஸ் ஸ்கிரிப்டான பேட்ச் கோப்பில் 'எரர்லெவல் 8' என்று சோதித்தால், அது 8-உம் அதற்கு மேலும் என்றே பொருள்படும் என்பதால், அந்த ஒரு வரியே போதும். விண்டோஸின் இன்னொரு நகல் கட்டளையான எக்ஸ்காப்பியிலோ 1 என்பது நகலெடுக்கக் கோப்பே கிடைக்கவில்லை என்பதைக் குறிக்கும். ஒன்றை மாற்றி மற்றொன்றைப் போடும்போது இதை மறக்கக் கூடாது.

எழுதியதை நம்பிவிடாமல், தோல்வியை வரவழைத்தும் பார்க்க வேண்டும். லினக்ஸில் டெவ் அடைவுக்குள் ஃபுல் என்றொரு சாதனக் கோப்பு உள்ளது. எதை எழுத முயன்றாலும் இடமில்லை என்றே சொல்லும். சிபியின் சேருமிடமாக அதைக் கொடுத்து ஓட்டிப்பாருங்கள். அப்போதும் உங்கள் ஸ்கிரிப்ட் 'நகல் முடிந்தது' என்று எழுதினால், எண் எங்கோ விழுங்கப்படுகிறது.

இன்னொன்று: 0 வந்த அந்தக் கணத்தில் தரவு நினைவகத்திலேயே தங்கியிருக்கலாம், பென் டிரைவுக்கோ டிஸ்க்குக்கோ எழுதப்பட்டிருக்கும் என்று உறுதியில்லை. காற்று வீசினாலே மின்சாரம் போகும் எங்கள் பக்கத்தில், நகலுக்குப் பின், நினைவகத்தில் உள்ளதை டிஸ்க்கில் எழுதவைக்கும் சிங்க் கட்டளையையும் ஓட்டி, அதன் எண்ணும் 0 ஆன பிறகே 'முடிந்தது' என்ற வரியை எழுதவிடுகிறேன்.