சளி, காய்ச்சலுக்குக் கடையில் வாங்கும் மருந்துகளைப் பாதுகாப்பாக உட்கொள்ளும் முறை

மூக்கு அடைத்து, தலை கனத்து, உடம்பெல்லாம் வலிக்கும் நேரத்தில் மருந்துக்கடைக்குச் சென்று "சளிக்கு ஏதாவது கொடுங்கள்" என்று கேட்டு வாங்கி விழுங்குவது பெரும்பாலோரின் வழக்கம். மருத்துவரின் சீட்டு இல்லாமலே கிடைப்பதால் இம்மருந்துகளால் கெடுதல் வராது என்ற நம்பிக்கையும் கூடவே வந்துவிடுகிறது. கல்லீரலைச் செயலிழக்கச் செய்யக்கூடிய மருந்தும், இரத்த அழுத்தத்தை ஏற்றக்கூடிய மருந்தும், வாகனம் ஓட்டும்போது கண்ணயரச் செய்யும் மருந்தும் இவற்றுள் அடக்கம். எது எதில் இருக்கிறது என்பதைப் பெட்டியின் பின்புறத்தில் பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கும் உட்பொருள் பட்டியலைப் படித்தால்தான் அறிய முடியும். ஆகவே, சளி மருந்து வாங்கும் ஒவ்வொரு முறையும் அந்தப் பட்டியலைப் படித்துவிட்டுத்தான் பணம் கொடுப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அதற்கும் முன்பாக, மருந்து தேவைதானா என்று பார்க்க வேண்டும். சாதாரணச் சளியை உண்டாக்குபவை ரைனோவைரஸ் உள்ளிட்ட 200-க்கும் மேற்பட்ட வைரஸ்கள். கடையில் கேட்டு வாங்கும் சளி மாத்திரைகளும் சிரப்புகளும் அந்த வைரஸ்களை அழிப்பதில்லை. காய்ச்சலைத் தணித்து, வலியையும் மூக்கொழுகலையும் குறைத்து, நோய் தானாக விலகும்வரை நம்மைத் தாக்குப்பிடிக்க வைக்கின்றன, அவ்வளவே. சளி பெரும்பாலும் 7 முதல் 10 நாள்களுக்குள் சரியாகிவிடும். இருமல் மட்டும் 3 வாரம் வரை இழுக்கலாம். தொல்லை பொறுத்துக்கொள்ளக்கூடிய அளவில் இருந்தால் ஓய்வும், போதிய நீராகாரமும், மூக்குக்கு உப்புநீர்ச் சொட்டுகளும் போதும். முன்பு வாங்கி மிஞ்சிய ஆன்டிபயாடிக் மாத்திரையை எடுத்துப் போடும் பழக்கத்தை அடியோடு விட்டுவிட வேண்டும். அது பாக்டீரியாவுக்கான மருந்து, வைரஸ் சளியில் அதனால் ஒரு பயனும் கிடையாது.

மருந்து தேவை என்று முடிவானால், முதலில் பாராசிட்டமாலைப் பற்றித் தெரிந்துகொள்ளுங்கள். சில நாடுகளில் இதையே அசிட்டமினோஃபென் என்கிறார்கள்; இரண்டும் ஒரே மருந்து. சரியான அளவில் எடுத்தால் இதைவிட நம்பகமான காய்ச்சல் மருந்து அரிது. உடல்நலமுள்ள பெரியவர்கள் ஒரு வேளைக்கு 500 முதல் 1000 மில்லிகிராம் வரை, குறைந்தது 4 மணி நேர இடைவெளி விட்டு, 24 மணி நேரத்தில் மொத்தம் 4000 மில்லிகிராமுக்கு மிகாமல் எடுக்கலாம். 50 கிலோவுக்குக் குறைவான எடை உள்ளவர்கள், கல்லீரல் நோயாளிகள், நாள்தோறும் மது அருந்துபவர்கள், பல நாள்களாகச் சரியாகச் சாப்பிடாதவர்கள் ஆகியோருக்கு இந்த வரம்பு இன்னும் குறைவு. அவர்கள் தங்களுக்குரிய அளவை மருத்துவரிடமோ மருந்தாளுநரிடமோ கேட்டுக்கொள்ள வேண்டும்.

சிக்கல் என்னவென்றால், காய்ச்சல் மாத்திரை, சளிக்கான கூட்டு மாத்திரை, வெந்நீரில் கலந்து குடிக்கும் பொடி என வெவ்வேறு பெயர்களில் இருப்பவற்றுள் ஒரே பாராசிட்டமால் ஒளிந்திருக்கிறது. உடல்வலிக்காக 650 மில்லிகிராம் மாத்திரையை ஒரு நாளில் 4 முறை எடுக்கும் ஒருவர், மூக்கடைப்புக்காக 500 மில்லிகிராம் பாராசிட்டமால் கலந்த கூட்டு மாத்திரையையும் 3 முறை எடுத்தால், அவர் உடலுக்குள் சென்றது 4100 மில்லிகிராம். எந்த மாத்திரையையும் அவர் அளவுக்கு மீறி எடுக்கவில்லை. ஆனாலும் வரம்பைத் தாண்டிவிட்டார். இந்தக் கணக்கை மனத்தில் வைத்துக்கொள்ள முயலாதீர்கள். காய்ச்சலில் கிடப்பவருக்கு நேற்று இரவு போட்டது எது, எத்தனை மணிக்கு என்பதெல்லாம் நினைவில் நிற்காது. தலைமாட்டில் ஒரு தாளை வைத்து, மருந்தின் உட்பொருள், மில்லிகிராம், நேரம் ஆகிய மூன்றையும் ஒவ்வொரு முறையும் எழுதி வையுங்கள்.

அளவு மீறினால் நேர்வது இதுதான்: பாராசிட்டமாலின் ஒரு சிறு பகுதி கல்லீரலில் நச்சுப்பொருளாக மாறுகிறது. குளூட்டாதயோன் என்ற பொருள் அந்த நச்சை முறித்துவிடுகிறது. அது தீர்ந்துபோனால் நச்சு கல்லீரல் செல்களையே தாக்கத் தொடங்கும். முதல் நாளில் இலேசான குமட்டல் மட்டுமே இருக்கலாம், ஒன்றுமே தெரியாமலும் போகலாம். கல்லீரல் பழுதானதன் அறிகுறிகள் அடுத்தடுத்த நாள்களில்தான் வெளிப்படும். அசிட்டைல்சிஸ்டீன் என்ற நச்சுமுறி மருந்து உண்டு; பாராசிட்டமாலை விழுங்கிய 8 மணி நேரத்துக்குள் கொடுத்தால் அது மிக நன்றாக வேலை செய்யும். எனவே, அளவு மீறிவிட்டது என்று தெரிந்த உடனே, உடம்புக்கு ஒன்றும் இல்லை என்று தோன்றினாலும், மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

ஐபுபுரோஃபெனும் காய்ச்சலையும் வலியையும் தணிக்கும். மருத்துவரின் ஆலோசனை இல்லாமல் எடுக்கும்போது பெரியவர்களுக்கு ஒரு நாளில் 1200 மில்லிகிராம் உச்ச வரம்பு. சாப்பிட்ட பிறகு எடுப்பது நல்லது. வயிற்றுப்புண், சிறுநீரக நோய், இதயச் செயலிழப்பு உள்ளவர்களும், கருவுற்று 20 வாரம் கடந்தவர்களும், வலி மாத்திரையால் மூச்சிரைப்பு வந்த அனுபவமுள்ள ஆஸ்துமா நோயாளிகளும் இதைத் தாங்களாக எடுக்கக் கூடாது. காய்ச்சல் டெங்குவாக இருக்கலாம் என்ற ஐயம் இருந்தால் ஐபுபுரோஃபெனும் ஆஸ்பிரினும் இரத்தக்கசிவை அதிகமாக்கும் என்பதால், பாராசிட்டமால் ஒன்றுதான் ஏற்றது.

கூட்டு மருந்துகளை நான் பொதுவாகப் பரிந்துரைப்பதில்லை. மூக்கொழுகல் மட்டுமே உள்ளவர் நான்கு உட்பொருள்கள் கலந்த மாத்திரையை விழுங்கினால், தேவையற்ற மூன்றின் பக்கவிளைவுகளையும் அவர் சுமக்க வேண்டும். எந்தத் தொல்லை அதிகமோ அதற்கு மட்டும், ஒற்றை உட்பொருள் கொண்ட மருந்தாகக் கேட்டு வாங்குங்கள்.

மூக்கடைப்புக்காக மாத்திரைகளில் சேர்ப்பவை பெரும்பாலும் சூடோஎஃபெட்ரினும் ஃபினைலெஃப்ரினும். இவை இரத்தக் குழாய்களைச் சுருக்குபவை. உயர் இரத்த அழுத்தம், இதய நோய், தைராய்டு மிகைச்சுரப்பு, கண் அழுத்த நோய், புராஸ்டேட் வீக்கம் ஆகியவை உள்ளவர்கள் கேட்காமல் எடுக்கக் கூடாது. வாய்வழி ஃபினைலெஃப்ரின் வழக்கமான அளவில் மூக்கடைப்பைக் குறைப்பதில்லை என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகத்தின் ஆலோசனைக் குழு 2023-இல் ஒருமனதாக முடிவு செய்தது. பயன் இல்லாத ஒன்றுக்காகப் பக்கவிளைவை விலைகொடுத்து வாங்க வேண்டியதில்லை. ஆக்ஸிமெட்டசோலின், சைலோமெட்டசோலின் ஆகிய மூக்குச் சொட்டுகளும் ஸ்பிரேக்களும் சில நிமிடங்களிலேயே மூக்கைத் திறந்துவிடும். ஆனால் 3 நாள்களுக்கு மேல் தொடர்ந்தால் மருந்தின் வேகம் தணிந்ததும் மூக்கு முன்னைவிட இறுக்கமாக அடைத்துக்கொள்ளும். மீண்டும் மருந்து, மீண்டும் அடைப்பு என்று மாதக்கணக்கில் சிக்கிக்கொள்பவர்கள் உண்டு. ஸ்பிரேயைத் திறந்த தேதியைப் புட்டியிலேயே எழுதிவிடுங்கள்.

குளோர்ஃபெனிரமைன், டைஃபென்ஹைட்ரமைன் போன்ற பழைய ஒவ்வாமை மருந்துகள் மூக்கொழுகலைக் குறைக்கும், கூடவே தூக்கத்தையும் வரவழைக்கும். இவற்றை எடுத்த பிறகு வாகனம் ஓட்டக் கூடாது; இயந்திரங்களில் வேலை செய்யக் கூடாது; மது அறவே கூடாது. முதியவர்களுக்கு இவை மனக்குழப்பத்தையும் சிறுநீர் அடைப்பையும் உண்டாக்கலாம். வறட்டு இருமலுக்கான டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபனை, மனச்சோர்வுக்கு மாத்திரை எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் குடிக்கக் கூடாது. சில மருந்துகளோடு சேர்ந்தால் உயிருக்கே ஆபத்தான எதிர்விளைவு வரலாம். சளியை இளக்கும் மருந்தையும் இருமலை அடக்கும் மருந்தையும் ஒரே புட்டியில் கலந்து விற்கும் சிரப்புகளைத் தவிர்ப்பதே நல்லது. இளகிய சளி இருமினால்தானே வெளியே வரும்!

குழந்தைகளைப் பொறுத்தவரை இன்னும் கடுமையாக இருக்க வேண்டும். 2 வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கடையில் கிடைக்கும் சளி, இருமல் மருந்துகளைக் கொடுக்க வேண்டாம் என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2008-இல் அறிவுறுத்தியது. அங்குள்ள தயாரிப்பாளர்கள் 4 வயது வரை கூடாது என்று பெட்டியிலேயே அச்சிடுகிறார்கள். பிரிட்டனில் இந்த வரம்பு 6 வயது. ஆஸ்பிரின் குழந்தைகளுக்கும் பதின்பருவத்தினருக்கும் கூடாது. வைரஸ் காய்ச்சலின்போது கொடுத்தால் மூளையையும் கல்லீரலையும் தாக்கும் ரேய் நோய்க்கூறு வரக்கூடும். கோடீன் கலந்த இருமல் மருந்து 12 வயதுக்கு உட்பட்டவர்களுக்கும் பாலூட்டும் தாய்மார்களுக்கும் ஆகாது. ஒரு வயது கடந்த குழந்தையின் இருமலுக்குச் சிறிது தேன் கொடுக்கலாம். அதற்கு முன் தேன் கூடவே கூடாது.

காய்ச்சலுக்குக் குழந்தைகளின் பாராசிட்டமால் அளவை வயதைவிட எடையைக் கொண்டு கணக்கிடுவதே சரி: ஒரு வேளைக்கு ஒரு கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம். 10 கிலோ எடையுள்ள குழந்தைக்கு இது 100 முதல் 150 மில்லிகிராம் ஆகும். ஒரு நாளில் 4 வேளைக்கு மேல் கொடுக்க வேண்டாம். இங்கே புட்டியின் அடர்த்தியைப் பார்ப்பது மிக முக்கியம். ஒரு மில்லிலிட்டரில் 100 மில்லிகிராம் கொண்ட சொட்டு மருந்தும், 5 மில்லிலிட்டரில் 120 மில்லிகிராம் கொண்ட சிரப்பும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். சிரப் என்று நினைத்துச் சொட்டு மருந்தை 5 மில்லிலிட்டர் ஊட்டினால், 120-க்குப் பதிலாக 500 மில்லிகிராம் உள்ளே போய்விடும். சமையலறைக் கரண்டியால் அளக்காமல், மருந்தோடு வரும் மூடியையோ ஊசியில்லாத சிரிஞ்சையோ பயன்படுத்துங்கள். 3 மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸைத் தொடும் காய்ச்சல் வந்தால் வீட்டு வைத்தியம் எதுவும் வேண்டாம். உடனே மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள்.

தொடர்ந்து வேறு மாத்திரை எடுப்பவர்கள் அவற்றின் பெயர்களை மருந்தாளுநரிடம் சொல்லிவிட்டே சளி மருந்து வாங்க வேண்டும். இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை எடுப்பவர்கள் பாராசிட்டமாலைக்கூடப் பல நாள்கள் தொடர்ந்தால் இரத்தம் உறையும் தன்மையைப் பரிசோதித்துக்கொள்ள வேண்டியிருக்கும். நீரில் கரைந்து நுரைக்கும் மாத்திரைகளில் சோடியம் அதிகம் என்பது இரத்த அழுத்தக்காரர்களுக்கும், இருமல் சிரப்புகள் பலவற்றில் சர்க்கரை உண்டு என்பது நீரிழிவுக்காரர்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, மனக்குழப்பம், வெகுநேரம் சிறுநீர் போகாமை, 3 நாள்களைத் தாண்டியும் தணியாத காய்ச்சல், குணமாகி வந்த பிறகு மீண்டும் ஏறும் காய்ச்சல் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் கடை மருந்தை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும். கர்ப்பிணிகள், முதியவர்கள், நாள்பட்ட நோயுள்ளவர்கள் ஃப்ளூ என்ற ஐயம் எழுந்ததுமே காத்திராமல் செல்ல வேண்டும். மருத்துவர் எழுதித் தரும் ஓசெல்டாமிவிர் போன்ற வைரஸ் எதிர்ப்பு மருந்துகளை அறிகுறி தொடங்கிய 48 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால்தான் அவற்றின் முழுப் பயன் கிடைக்கும். புறப்படும்போது, அதுவரை எடுத்த மாத்திரைகளின் அட்டைகளையும் தலைமாட்டில் எழுதிவைத்த தாளையும் மறவாமல் கையோடு கொண்டு செல்லுங்கள்.