உங்கள் கார் லீற்றருக்கு எத்தனை ஓடுகிறது? நீங்களே கணக்குப் பார்க்கும் முறை

கார் எடுத்து ஒரு மாதம்தான் ஆகியிருக்கும். "சொன்ன அளவு ஓடுதில்லை, எஞ்சினில ஏதோ பிழை" என்று பலர் முகம் வாடி கராஜுக்கு வருவார்கள். எஞ்சினைத் திறக்க முதல் ஒரு கொப்பியும் பேனையும் எடுங்கள்.

'சொன்ன அளவு' எங்கிருந்து வந்தது? யாழ்ப்பாணத்தில் ஓடும் ஜப்பான் கார்கள் பலவற்றுக்கு அது ஜேசி08 என்ற சோதனையில் கிடைத்த எண். கார் வீதிக்கே இறங்காது. ஆய்வுகூடத்தில் உருளைகளின் மேல் நின்றபடி 20 நிமிடத்தில் 8 கிலோமீற்றர் 'ஓடும்'. சராசரி வேகம் மணிக்கு 24, உச்சம் 82ஐத் தொடாது. ஏசியும் இல்லை. 2011இல் வந்த டொயோட்டா அக்வாவுக்குச் சொன்ன லீற்றருக்கு 35.4 கிலோமீற்றர் அப்படிக் கிடைத்ததுதான். சித்திரை வெயிலில் ஏசி போடாமல் ஆஸ்பத்திரி வீதியில் ஊர்ந்து பாருங்கள், வித்தியாசம் விளங்கும்.

சரி, முதலில் ரயர் காற்று. சாரதிப் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஸ்டிக்கர் இருக்கும். ஜப்பான் காரில் அது கிலோபாஸ்கல் கணக்கு. 240 என்றிருந்தால் ரயர் கடையில், அங்கே பாவிக்கும் பிஎஸ்ஐ கணக்கில், 35 என்று சொல்லுங்கள்.

அடுத்தது டாங்கை நிரப்புவது. எல்லோரும் பிழை விடுவது இங்கேதான். பம்ப் தானாக 'டக்' என்று நின்றதும் போதும். "ரவுண்டாக்கி அடிக்கட்டா அண்ணை?" என்று பெற்றோல் செட்டில் நிற்கும் தம்பி கேட்பார். வேண்டாம். காரை ஆட்டி ஆட்டி ஊற்றுவதும் வேண்டாம். ட்ரிப் மீற்றரைப் பூச்சியமாக்குங்கள்.

பிறகு வழக்கம்போல ஓடுங்கள். டாங்க் கால்வாசிக்கு இறங்கியதும் அதே செட், அதே பம்ப், அதே 'டக்'. ஓடியது 412 கிலோமீற்றர், அடித்தது 22.9 லீற்றர் என்றால், வகுக்க 18 வரும். (2022இல் எரிபொருள் தட்டுப்பாட்டில் கியூஆர் கோட்டைக் காட்டி வாரம் 20 லீற்றர் மட்டும் கிடைத்த நாட்களில் புல் டாங்க் அடிப்பதைக் கனவில்தான் கண்டோம்.)

ஒரு தடவை அளந்தால் போதாது, மூன்று நான்கு டாங்க் பாருங்கள். அப்புறம் ஒரு பொறி இருக்கிறது. முதல் 300 கிலோமீற்றருக்கு 15 லீற்றர், அடுத்த 300க்கு 20 லீற்றர் என்று வைப்போம். 20, 15 என்ற விடைகளுக்கு நடுவே 17.5 என்று எழுதினால் பிழை. மொத்தம் 600ஐ 35ஆல் வகுங்கள், 17.1 தான்.

ஏ9 வீதியில் கிளிநொச்சி போய்வரும் நாளைத் தனியாக எழுதுங்கள். வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் தடை நான்கு மடங்காகும். அதோடு சோழகம் (தென்மேற்குக் காற்று) வீசும் மாதங்களில் ஆனையிறவில் போகும்போது காற்று எதிர்க்கும், வரும்போது தள்ளிவிடும். போனதை மட்டும் அளந்தால் பாவம், பழி காருக்கு.

கொப்பியில் 18, 18 என்றே வந்துகொண்டிருந்தால் உங்கள் காரின் கணக்கு அதுதான். 18 ஓடியது இரண்டு மூன்று டாங்காக 15இலேயே நின்றால் கராஜுக்குப் போங்கள். கொப்பியையும் கொண்டுபோங்கள்.