சதுரத் துளை போடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

டிரில்லில் சுற்றுகிற பிட்டால் சதுரத் துளை வராது. நடுவில் உள்ளதை அள்ளி வெளியே தள்ளுவதோடு அதன் வேலை முடிந்தது. நான்கு மூலைகளையும் உளியோ அரமோ புரோச் என்கிற பல் வைத்த கம்பியோதான் எடுக்க வேண்டும். பாம்பன், மண்டபம், தொண்டி, கீழக்கரை என்று படகு வேலையும் தச்சு வேலையும் நடக்கிற இடங்களில் கெட்டுப்போன சதுரத் துளைகளை எடுத்துப் பாருங்கள்: மூலைக்கு உரிய வேலையையும் பிட்டே செய்யட்டும் என்று விட்டதில்தான் கோளாறு தொடங்கியிருக்கும்.

சுக்கான் தண்டின் சதுரத் தலையில் மாட்டும் கைப்பிடியை எடுத்துக்கொள்வோம். தலை 25 மி.மீ., துளை 25.5 மி.மீ. அரை மில்லிதானே என்று தோன்றும். ஆனால் 60 செ.மீ. நீளக் கைப்பிடியின் நுனி பக்கத்துக்கு 12 மி.மீ. சும்மா ஆடும். ஆட ஆட மூலைகள் தேயும், தேய்ந்த இடுக்கில் உப்புத் தண்ணீர் தங்கும். அதற்குப் பிறகு ஆட்டம் கூடுமே தவிரக் குறையாது.

வட்டத் துளையின் அளவு

முதல் தவறு இங்கேதான். 10 மி.மீ. சதுரத்தின் மூலைவிட்டம் 14.14 மி.மீ. மூலை வரை எட்டட்டுமே என்று 12 மி.மீ. பிட்டைப் போட்டால் நான்கு பக்கமும் கோட்டைத் தாண்டிக் குழிந்துவிடும், அந்தத் தகடு போனதுதான். சரியாக 10 மி.மீ. பிட் போடுவதும் தவறு. கூர் சரியில்லாத பிட் துளையைக் கொஞ்சம் பெரிதாக்கும். பிட் இறங்க வேண்டிய இடத்தில் அடிக்கும் சென்டர் பஞ்ச் குறி கால் மில்லி விலகியிருந்தாலும் ஒரு பக்கம் கோட்டை மீறும், திருத்த இடம் இருக்காது. 9 அல்லது 9.5 போதும். பக்க அளவுக்கே வட்டம் போட்டாலும் சதுரத்தின் பரப்பில் 78.5 சதவீதம் போய்விடும். மிச்சம் இருப்பது மூலைகளில்தான்.

25 மி.மீ. போன்ற பெரிய துளைக்கு முதலில் மூலைகளில் 3 மி.மீ. துளைகள் போடுங்கள். அவற்றின் மையம் இரு கோடுகளிலிருந்தும் 1.5 மி.மீ. உள்ளே இருக்க வேண்டும். அதன் பிறகு நடுவில் 12, அடுத்து 22. மூலைக்கு எளிதாகப் போகலாம் என்று ரம்பத்தைக் கோட்டுக்கு வெளியே இழுத்துவிடாதீர்கள். அந்தக் கீறலின் நுனியில்தான் வெடிப்பு பிறக்கும். இஞ்சின் அதிர்வு ஓயாத படகில் அது சீக்கிரம் வளரும். சின்ன வளைவோடு நிற்கிற மூலை கூரான மூலையை விட உறுதியானது. தண்டின் விளிம்பை லேசாக மழுக்கிக்கொண்டால் இரண்டும் ஒத்துப்போகும்.

சதுரம் போடும் பிட் உண்டே என்பார்கள். உண்டு. மூன்று வளைந்த பக்கமுள்ள ரூலோ முக்கோண வடிவத்தை வைத்து ஹாரி வாட்ஸ் என்பவர் அமெரிக்காவில் 1917-ல் காப்புரிமை பெற்ற பிட் அது. சதுரத்தின் பரப்பில் 98.77 சதவீதம் வரை எடுக்கும், மூலை மட்டும் சற்று வளைந்தே இருக்கும். ஆனால் அந்த பிட்டின் மையம் ஓரிடத்தில் நிற்காது. அதற்கு இடம் விட்டு அசைகிற, பிட்டைக் கவ்விப் பிடிக்கும் தனிச் 'சக்'கும், மேலே சதுர வழிகாட்டித் தகடும் வேண்டும். கை டிரில்லில் மாட்டினால் சாதாரண வட்டத் துளைதான் கிடைக்கும்.

அரம் பிடிக்கும் முறை

நான்கு பக்கத்தையும் மாறி மாறி ராவிக்கொண்டே போனால் துளை சாய்சதுரமாகிவிடும். ஒரு பக்கத்தைக் கோடு வரை முடியுங்கள், மூலைமட்டம் வையுங்கள். அடுத்து அதன் எதிர்ப்பக்கம், அதன் பிறகு மற்ற இரண்டு. ஒரு பக்கம் பல்லில்லாத அரம் கிடைத்தால் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மூலைக்குப் போகும்போது முடித்த பக்கத்தை அது கடிக்காது.

இன்னொன்று கண்ணுக்குத் தெரியாத தவறு. கை ஏறி இறங்கினால் துளையின் இரு வாயும் அகன்று நடுவயிறு உயர்ந்து நிற்கும். தண்டை நுழைத்தால் இறுக்கமாகத்தான் தெரியும், ஆனால் நடுவில் மட்டும் தொட்டுக்கொண்டு ஊஞ்சலாடும். தண்டில் மார்க்கர் மை பூசி நுழைத்து எடுங்கள், மை ஒட்டிய இடத்தை மட்டும் ராவுங்கள். நான்கு திசையிலும் திருப்பிப் போட்டுப் பார்த்தால்தான் சதுரம் சதுரமா என்பது தெரியும்.

வண்டியின் பழைய வில் பட்டையில் துளை போடுமுன் அரத்தின் ஓரத்தால் ஒரு கீறு கீறிப் பாருங்கள். அரம் வழுக்கினால் பட்டை அவ்வளவு கடினம் என்று அர்த்தம், பிட்டும் போகும், அரமும் போகும்.

ஒரே அளவில் இருபது முப்பது துளை என்றால் அரம் வேண்டாம், புரோச்சுக்கோ லேசர் வெட்டுக்கோ கொடுங்கள். புரோச் என்பது பல் ஒவ்வொன்றாகப் பெருத்துக்கொண்டே போகும் சதுரக் கம்பி. அதற்கான முன்துளையைச் சிறிதாகப் போட்டால் பாதி வழியில் இறுகிப் பல் உடையும்.

வட்டத் தலைக்குக் கீழே சதுரக் கழுத்துள்ள கேரேஜ் போல்ட்டில் 10 என்றால் 10 அல்ல. டின் (DIN) 603 என்ற ஜெர்மன் தர அளவுப்படி எம்10 போல்ட்டின் சதுரக் கழுத்து 10.58 மி.மீ. வரை இருக்கலாம், எம்8-க்கு 8.58. ஆகவே துளை 11, 9 என்று வேண்டும். அடித்து இறக்கினால் தகடு வெடிக்கும். தகடுகளின் மொத்தக் கனம் கழுத்தின் நீளத்தை விடக் குறைவாக இருந்தால், நட்டை எவ்வளவு முறுக்கினாலும் பிடிக்காது, கழுத்து மறுபக்கம் நீட்டிக்கொண்டு நிற்கும்.

எவர்சில்வரில் வேகம்தான் எதிரி. சாதாரண இரும்பில் 10 மி.மீ. எச்.எஸ்.எஸ். பிட்டுக்கு நிமிடத்துக்கு 800 சுற்று சரி. எவர்சில்வருக்கு 300 சுற்று, நல்ல அழுத்தம், விடாமல் எண்ணெய். அழுத்தாமல் தேய்த்துக்கொண்டிருந்தால் அந்த இடம் இறுகிப்போய் அப்புறம் பிட் ஏறாது. இரும்பு ராவிய அரத்தால் எவர்சில்வரைத் தொடாதீர்கள். ஒட்டிக்கொள்ளும் இரும்புத் துகள் உப்புக் காற்றில் சில நாளில் துருப்புள்ளியாகும். கடலோரத்துக்கு 304 ரக எவர்சில்வரை விட 316 ரகம் மேல், அதில் 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் உண்டு. துத்தநாகம் பூசிய ஜி.ஐ. தகட்டில் துளை போட்டால் உள்பக்கம் வெறும் இரும்பாகத் திறந்து கிடக்கும். ஜிங்க் பிரைமர் பூசிக் காய்ந்த பிறகே போல்ட் போடுங்கள். இந்தக் காற்று சாதாரணமானதல்ல. 1914-ல் திறந்த பாம்பன் ரயில் பாலத்தில் 2022 டிசம்பரில் ரயில் நிறுத்தப்பட்டது அரிப்பினால்தான்.

மரத்தில்

கழுந்து, அதாவது இன்னொரு சட்டத்தின் முனையில் சீவிய நாக்கு, நுழையும் துளையின் அகலம் சட்டத்தின் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு. அதற்கு மேல் போனால் இரு பக்கச் சுவரும் மெலிந்துவிடும். சட்டத்தின் நுனியில் 25 மி.மீ. கூடுதலாக விட்டு, பூட்டிய பிறகு அறுங்கள். முதலிலேயே அறுத்தால் உளி அடிக்கும்போது நார் வழியே பிளக்கும்.

உளியை முதல் அடியிலேயே கோட்டின் மேல் வைப்பதுதான் தச்சு வேலையில் அடிக்கடி நடக்கும் பிழை. உளியின் சாய்வு ஆப்பு மாதிரி வேலை செய்து உளியைக் கோட்டுக்கு வெளியே தள்ளும், துளையின் வாய் நசுங்கும். 2 மி.மீ. உள்ளே தள்ளித் தொடங்கி, ஆழம் எடுத்து முடித்த பிறகு கோட்டைச் சீவுங்கள். ஊடுருவும் துளையென்றால் பாதி இந்தப் பக்கம், பாதி அந்தப் பக்கம். ஒரே பக்கமிருந்து அடித்தால் மறுபக்கம் சில்லுச் சில்லாகப் பெயர்ந்துவிடும். சீமைக்கருவேலத்தில் நார் முறுக்கிக்கொண்டு ஓடும், உளியைக் கூர்வைத்தபடியே வேலை செய்ய வேண்டும்.

சதுர உளிக்குள் பிட் சுழலும் மெஷினில், பிட்டின் வாய் உளி நுனிக்குக் கீழே ஒன்று அல்லது ஒன்றரை மி.மீ. இறங்கியிருக்க வேண்டும். ஒட்டி வைத்தால் கிறீச்சிட்டுச் சூடேறி உளி நீலம் பாரிக்கும். நீலம் பாரித்த உளியில் கூர் நிற்காது. நீளத் துளைக்கு முதலில் இரு முனைகள், பிறகு இடைவெளி விட்டு விட்டு, கடைசியில் நடுவில் நிற்கும் கட்டைகள். வரிசையாகப் போனால் உளி காலியான பக்கம் வளையும்.

பச்சை மரத்தில் இறுகப் பூட்டிய கழுந்து, கச்சான் என்கிற மேல்காற்று அடிக்கிற மாதங்களில் மரம் வற்றியதும் கையோடு வந்துவிடும். காய்ந்த மரத்தில் கையால் அழுத்தினால் நுழைகிற அளவே போதும். கொட்டாப்புளியால் ஓங்கி அடித்துத்தான் ஏறும் என்றால் துளையின் சுவர் பிளக்கப்போகிறது என்று அர்த்தம். துளையின் ஆழம் கழுந்தை விட 3 மி.மீ. அதிகம் இருக்கட்டும்.

பாய்மரத்தின் அடி உட்காரும் சதுரக் குழியில் அடிப்பக்கத்தை மூடியே விட்டுவிடுகிறார்கள். மரத்தை உளுக்கச் செய்வதில் கடல் நீரை விட மழைத் தண்ணீர் மோசம். ஐப்பசி கார்த்திகை மழை குழியில் நின்றால் அங்கிருந்துதான் உளுப்பு தொடங்கும். குழியின் அடியிலிருந்து பக்கவாட்டில் 8 மி.மீ. வடிகால் துளை ஒன்று போடுங்கள், படகின் அடிமரமான ஏராவைத் துளைத்துக் கீழே இறக்கிவிடாதீர்கள். குழியின் நான்கு சுவருக்கும் வெட்டுமுனைக்கும் எபாக்ஸி பூசிக் காயவிட்டு, அதன் பிறகு பாய்மரத்தை நிறுத்துங்கள். வாடைக்காற்று தொடங்குமுன் ஒரு கம்பியை விட்டு அந்த வடிகாலைக் குத்திச் சுத்தம் செய்ய வேண்டும்.