செப்புக் காலணா: சேகரிக்கவும் தரம் பிரிக்கவும் தெரிந்திருக்க வேண்டியவை

கும்பகோணத்தில் எங்கள் குடும்பத்துக்குப் பாத்திரக் கடை. பழைய செம்பையும் பித்தளையையும் எடைக்குப் போட்டுவிட்டுப் புதுப் பாத்திரம் வாங்கிப்போவது இங்கே இன்றும் உள்ள வழக்கம். அந்தப் பழைய செம்போடு காலணாக்களும் வரும். சிலர் துணி முடிச்சை அவிழ்க்காமலே தராசில் வைத்துவிடுவார்கள். உருக்குவதற்குப் போக வேண்டியவற்றைத் தனியே எடுத்து, கூடுதல் விலை கொடுத்து வைத்துக்கொண்டதில்தான் என் சேகரிப்பு தொடங்கியது. புதிதாகத் தொடங்குகிறவர்கள் என்னிடம் கேட்பவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று: காசைத் தேய்க்காதீர்கள். புளி, எலுமிச்சை, சாம்பல், பாலிஷ் எதுவும் வேண்டாம். பூஜைப் பாத்திரம் விளக்கும்போது சாமி மாடத்தில் இருக்கும் காசையும் சேர்த்து விளக்கிவிடும் வீடுகள் நம் பக்கம் ஏராளம். செம்பின் மேல் நெடுங்காலமாகப் படிந்த பழுப்பு நிறம் அழுக்கல்ல, அது காசின் தோல். புளியில் உள்ள அமிலம் அதை உரித்துவிடும். அடியிலிருந்து வரும் இளஞ்சிவப்புப் பளபளப்பு பார்க்க அழகாக இருக்கலாம். ஆனால் விவரம் தெரிந்தவர் அந்தக் காசை வாங்க மாட்டார். போன தோல் திரும்ப வராது. நூறு வருஷம் தாங்கிய காசு அரை நிமிஷத்தில் கெடுவதைப் பார்க்க எனக்கு மனம் பொறுப்பதில்லை.

அடுத்து, எல்லாக் காலத்துக் காசுகளையும் வாங்கிக் குவிக்காமல் ஒரே வகையைப் பிடித்துக்கொள்ளுங்கள். காலணாவைத்தான் நான் சொல்வேன். ரூபாய்க்குப் பதினாறு அணா, அணாவுக்கு நான்கு காலணா, காலணாவுக்கு மூன்று தம்பிடி. கிழக்கிந்தியக் கம்பெனி 1835-இல் தன் ஆட்சிப் பகுதி முழுவதற்கும் ஒரே நாணய முறையைக் கொண்டுவந்தபோது அடித்த காலணா இன்றும் எளிதாகக் கிடைக்கிறது. 1862 முதல் விக்டோரியா உருவம், 1903 முதல் ஏழாம் எட்வர்டு, 1911-க்கு மேல் ஐந்தாம் ஜார்ஜ் என்று வரிசை நீளும். கடைசியில் 1943 முதல் 1947 வரை வந்த ஓட்டைக் காலணாவை உங்கள் வீட்டுப் பெரியவர்களே அடையாளம் காட்டுவார்கள்.

நூற்றில் ஒரு பங்கு கிராம் வரை காட்டும் சிறு மின்னணுத் தராசு ஒன்றைக் கட்டாயம் வாங்குங்கள். செப்புக் காலணாவின் எடை 100 கிரெயின், அதாவது 6.48 கிராம். 1906-இல் செம்பை விட்டு வெண்கலத்துக்கு மாறினார்கள், எடை 4.86 கிராமாகக் குறைந்தது. அதனால் 1906 என்று பொறித்த காலணா இரண்டு உலோகத்திலும் உண்டு. பழுப்பேறிய பிறகு கண்ணால் பார்த்துச் செம்பா வெண்கலமா என்று சொல்வது கடினம், தராசு உடனே சொல்லிவிடும். சாதாரணத் தேய்மானத்தில் ஒன்றரை கிராம் குறையாது.

இனி தரம். காசை விளிம்பில் மட்டும் பிடியுங்கள். மேசையில் மெத்தென்ற துணி விரித்து, ஒரே ஒரு விளக்கைப் பக்கவாட்டிலிருந்து விழச்செய்து, லென்ஸ் வழியாகப் பாருங்கள். பளபளப்பைப் பார்க்காதீர்கள், மேட்டைப் பாருங்கள். கையில் புரளும் காசு முதலில் தேய்வது உயர்ந்து நிற்கும் இடங்களில்தான். 1835 காலணாவில் கேடயத்தின் இருபுறமும் நிற்கும் சிங்கங்களின் பிடரியும், பின்பக்க வளையத்து இலைகளின் நடு நரம்பும் அந்த இடங்கள். விக்டோரியா காசில் காதுக்கு மேலுள்ள கூந்தல், கிரீடம், உடையின் பூவேலை.

சிங்கம் வெறும் நிழலாகத் தெரிந்து, ஆண்டும் எழுத்தும் மட்டும் படிக்க முடிந்தால் அது ‘குட்’. இலைகள் தனித்தனியாகத் தெரிந்து நரம்பு இல்லாவிட்டால் ‘ஃபைன்’. பிடரியில் பாதிக் கோடுகளாவது இருந்து, கீழே நாடாவில் உள்ள லத்தீன் வாசகம் முழுதாகப் படிக்க முடிந்தால் ‘வெரி ஃபைன்’. மேட்டின் உச்சியில் மட்டும் லேசான தேய்வு இருந்தால் ‘எக்ஸ்ட்ரீம்லி ஃபைன்’. எங்குமே தேய்வு இல்லையென்றால்தான் ‘அன்சர்குலேட்டட்’. ஏல நிறுவனங்கள் 1 முதல் 70 வரை எண் போடுவதையும் பார்ப்பீர்கள். அந்த முறையை வகுத்தவர் வில்லியம் ஷெல்டன் என்ற அமெரிக்கர். 1949-இல் தன் நாட்டின் பழைய செப்புக் காசுகளுக்காகவே வகுத்தார்.

மேடு மழுங்கியிருந்தாலே தேய்மானம் என்று முடிவு கட்ட வேண்டாம். அச்சு சரியாக விழாத காசும் அப்படித்தான் இருக்கும். தேய்ந்த இடம் வழுவழுப்பாக, சுற்றுப்புறத்தைவிட வேறு நிறத்தில் இருக்கும். அச்சு விழாத இடத்தில் மேற்பரப்பும் நிறமும் மற்ற இடத்தைப் போலவே இருக்கும்.

தேய்மானம் வேறு, அரிப்பு வேறு. இதைக் கற்க 1808-ஆம் ஆண்டு மதராஸ் ‘இருபது காசு’ என்ற செப்பு நாணயத்தைவிட நல்ல பாடம் இல்லை. இங்கிலாந்தில் சோஹோ அச்சுச்சாலையில் மதராஸுக்கென அடித்து, ‘அட்மிரல் கார்ட்னர்’ என்ற கப்பலில் ஏற்றினார்கள். கப்பல் 1809 ஜனவரியில் கென்ட் கரைக்கு அப்பால் குட்வின் மணல்திட்டில் தட்டி மூழ்கியது. 1980-களில் லட்சக்கணக்கில் அந்தக் காசுகளை மேலே எடுத்தார்கள். எவர் மடியிலும் புழங்காதவை ஆதலால் சிங்கத்தின் ரோமம்கூடத் தெரியும். ஆனால் உப்பு நீர் தின்று மேற்பரப்பெல்லாம் பொடிக்குழிகள். தேய்மானக் கணக்கில் உயர்ந்த தரம், மேற்பரப்புக் கணக்கில் பழுதுபட்டது. இரண்டையும் தனித்தனியே எழுதுவதுதான் நேர்மை. விற்கிறவர் முதலாவதை மட்டும் சொன்னால், இரண்டாவதை நீங்கள் கேளுங்கள்.

களிம்பு பிடித்த காசு வந்தால் முதலில் வாலை வடிநீரில் (டிஸ்டில்டு வாட்டர்) ஊறவைத்து, நீரை மாற்றி மாற்றி விடுங்கள். எண்ணெய்ப் பிசுக்குக்குச் சுத்தமான அசிட்டோன் போதும். அடுப்பிலிருந்து தள்ளி இருந்து, ஜன்னலைத் திறந்துவைத்துச் செய்யுங்கள். கரும்பச்சையாக இறுகிய களிம்பைச் சுரண்ட வேண்டாம். வெளிர்பச்சைப் பொடியாக உதிர்வதுதான் ஆபத்து. குளோரைடு உள்ளே புகுந்து செம்பைத் தொடர்ந்து தின்கிறது என்று பொருள். அந்தக் காசை உடனே தனிமைப்படுத்துங்கள்.

வாங்கும்போது இராமர் பட்டாபிஷேகமும் அனுமாரும் பொறித்து, கம்பெனி பெயரில் 1818 என்று ஆண்டு போட்ட ‘அரையணா’வை எவராவது நீட்டினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கம்பெனி அப்படி ஒரு காசை வெளியிட்டதே இல்லை. பழைய காசுக்கு லட்சக்கணக்கில் தருவதாக வரும் விளம்பரங்களையும் நம்ப வேண்டாம். தன் பெயரைச் சொல்லி முன்பணம் கேட்கிறார்கள் என்று ரிசர்வ் வங்கியே 2021-இல் எச்சரித்தது. மண்ணில் புதைந்து கிடைத்த காசை வாங்கவே வாங்காதீர்கள். 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி அதை மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். நூறு ஆண்டு கடந்த நாணயம் தொல்பொருள் சட்டத்தில் அடங்கும் என்பதால் வெளிநாட்டுக்கு நாமாக அனுப்பவும் முடியாது.

காசுகளை பி.வி.சி. உறையில் போடாதீர்கள், அதுவே பச்சைப் பிசினைக் கக்கும். மைலார் என்ற பிளாஸ்டிக் தாள் ஒட்டிய அட்டைச் சட்டம் மலிவு, பத்திரம். அட்டையில் எடை, தரம் இரண்டோடு, எந்த ஊரிலிருந்து எப்படி வந்தது என்பதையும் காசை உள்ளே வைக்கும் முன்பே எழுதிவிடுங்கள். டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று இருக்கட்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் அதை அடிக்கடி மாற்ற வேண்டும்.