சேவலா பெட்டையா, குஞ்சுலயே கண்டுபிடிக்க

நாட்டுக்கோழி குஞ்சு பொரிச்ச அன்னைக்கே தூக்கி வாலைப் பாத்து சேவல் பெட்டைன்னு சொல்றவங்கள நம்பாதீங்க, கூர் முட்டைன்னா சேவல், உருண்டை முட்டைன்னா பெட்டைங்கிறதும் சும்மா பேச்சுதான். ஒன்றரை ரெண்டு மாசம் பொறுங்க. ஒரே ஈத்துக் குஞ்சுகள பக்கத்து பக்கத்துல வச்சு பாருங்க, சேவல் குஞ்சுக்கு கொண்டை சீக்கிரமே அகலமாகி சிவக்க ஆரம்பிச்சிடும், பெட்டைக்கு சின்னதா வெளிறிப்போய் மஞ்சளாவே இருக்கும், காலும் சேவலுக்கு தடியா இருக்கும்.

ஆனா பெருவிடைங்கிற பெரிய உடம்பு நாட்டுக்கோழி வகைல இந்த கொண்டை கணக்கு அவ்வளவா ஒத்துவராது, அதுல சேவல் பெட்டை ரெண்டுக்குமே கொண்டை சின்னதுதான். அதுக்கெல்லாம் இறகுதான் சரியான அடையாளம். மூணு மாசம் வாக்குல கோழிய கைல புடிச்சு முதுகுல வால் ஆரம்பிக்கிற இடத்துல இறகை விரலால ஒதுக்கி பாருங்க, ஒல்லியா நீளமா நுனி கூரா பளபளன்னு புதுசா இறகு முளைச்சு பக்கவாட்டுல சரிஞ்சிருந்தா சேவல், நுனி உருண்டையா இருந்தா பெட்டை. கழுத்து இறகும் இதே கணக்குதான்.

கால்ல பின்பக்கம் முளைக்கிற முள்ள மட்டும் வச்சு முடிவு பண்ணிடாதீங்க, வயசான பெட்டைக்கும் முள்ளு வரும். விக்கிறதோ குழம்புக்கு அடிக்கிறதோ இந்த இறகைப் பாத்துட்டு பண்ணுங்க, இல்லன்னா முட்டைக்கு நிக்க வேண்டிய விடக்கோழி, அதாவது இளம் பெட்டை, சட்டிக்குப் போயிடும்.